காலுக்குத்தானே வலி

பஸ் டிப்போவில் அவருக்கு பிரேக் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்குப் பள்ளத்துக்குள் இறங்கினால் மதியம் இரண்டு மணி வரை தலைக்கு மேல் நிற்கும் பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்த்தபடிதான் பொழுது போகும். சக்கரத்தைக் கழற்றுவது, டிரம்மைத் தட்டி எடுப்பது, தேய்ந்துபோன லைனிங்கை மாற்றுவது. காதுமடலுக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் கறுப்புத் தூசி படிந்திருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாது. இரண்டரை மணிக்குக் குளித்துவிட்டு, நீல நிற டிராக் பேண்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலுடன் மைதானத்துக்குப் போய்விடுவார். டிப்போவிலும் சரி, தெருவிலும் சரி, அவரை எல்லோரும் கோச் என்றே கூப்பிட்டார்கள்.

அவரை யாரும் கோச்சாக நியமிக்கவில்லை. மகனுக்கு ஏழு வயதானபோது, பந்து விளையாடியே ஆகவேண்டும் என்று அவன் பிடித்த பிடியில், குடிநீர் வாரியத்துக்குச் சொந்தமான அந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகிப் போகிற நேரம். "ஒரு நாலு நாளைக்குப் பாத்துக்கங்க, வேற ஆள் வருவாங்க" என்று சொல்லி விசிலைக் கையில் கொடுத்தார். வேற ஆள் வரவில்லை. நாலு நாள் பதினாலு வருடமாகிவிட்டது.

அவருக்குக் கால்பந்து பெரிதாகத் தெரியாது. டிவியில் பார்த்ததும், நூலகத்தில் கிடைத்த அட்டை கிழிந்த ஒரு புத்தகமும்தான் படிப்பு. ஆனால் தொண்டை இருந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டால் கோட்டுக்கு வெளியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே கத்துவார். "பிரேக் போடு! பிரேக்கே இல்லாம எங்கடா போற?" என்பார். கோல் வாங்கினால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார். பிறகு தானே போய் எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொள்வார். ஓர் ஆட்டத்தில் நான்கு முறை அடித்தாரென்றால் நாலு கோல் வாங்கியாயிற்று என்று அர்த்தம். பத்து ஆட்டத்தில் எட்டில் அணி தோற்கும். பெற்றோர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பந்தைப் பார்ப்பதைவிட அவரைத்தான் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் சினிமாக்காரர். படப்பிடிப்புக்கு மைதானம் தேடி வந்த உதவி இயக்குநர் அவர். பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் ஓர் அப்பாவைப் பற்றிய குடும்பச் சிரிப்புப் படம் எடுப்பதாகச் சொன்னார்.

"எங்க ஹீரோ ஒரு எட்டு நாள் உங்ககூட வந்து சும்மா உக்காந்திருப்பாரு. நீங்க எப்பவும் போல இருங்க கோச். எதையும் மாத்திக்க வேண்டாம்."

வந்த நடிகரை எல்லோருக்கும் தெரியும். திரையில் அவர் மூக்கைத் தூக்கினாலே மக்கள் சிரிப்பார்கள். நேரில் அவர் சத்தமே போடாத மனிதராக இருந்தார். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் தலைகால் புரியாமல் ஆடினார்கள். மூன்றாம் நாளிலிருந்து அவர் இருப்பதையே மறந்துவிட்டார்கள். வலை கட்டவும், கோடு போடச் சுண்ணாம்பு கரைக்கவும் அவரும் கற்றுக்கொண்டார். கோச் தொப்பியை அடிக்கும்போதெல்லாம் நடிகரின் விரல்கள் மடியில் லேசாக அசைவதை மட்டும் ஒரு சிறுமி கவனித்துச் சொன்னாள்.

ஆறாம் நாள் மழை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில் ஒதுங்கினார்கள். சுண்ணாம்பு மூட்டைகளும் ஈர வலைகளும் கிடக்கிற, ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அறை.

"உங்க பிள்ளைங்க யாராவது விளையாடறாங்களா?" என்று நடிகர் கேட்டார்.

"பொண்ணுக்கு இதுல விருப்பம் இல்ல. பையன் விளையாடிட்டிருந்தான்."

"இப்ப?"

மழை விடுவதாக இல்லை. கோச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லப்போகிறோம் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது.

ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு முன்பு. அவருடைய அணி முதல்முறையாக ஒரு போட்டியின் கடைசி ஆட்டம் வரை போயிருந்தது. மகனுக்குப் பதினைந்து வயது. தடுப்பு வரிசையில் நடுவில் நிற்பவன். அவன் நின்றால் பந்து தாண்டாது. பாதி ஆட்டம் முடிந்தபோது ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். இடைவேளையில் மகன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வலது முட்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"அப்பா, முடியல. உள்ள என்னமோ நழுவுது."

"வலி காலுக்குத்தானே? உனக்கு இல்லையே?" என்றார் இவர்.

முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி தீர்ந்துபோயிருந்தது. தன்னுடைய வலது ஷூவிலிருந்து லேஸை உருவி, முட்டியைச் சுற்றித் துண்டை வைத்து, அதன்மேல் லேஸால் இறுக்கிக் கட்டினார். இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் என்று சொன்னார். மகன் எழுந்து போனான். ஆட்டம் மறுபடி தொடங்கிய பதினோராவது நிமிடத்தில் அவன் விழுந்தான். யாரும் அவனை இடிக்கவில்லை. திரும்பினான், முட்டி திரும்பவில்லை. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்றவருக்குக் கேட்டது. ஆட்டத்தையும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

"ஆஸ்பத்திரியில அவங்க அம்மா வர்றதுக்கு முன்னாடி அவனே சொன்னான். நான்தான் அடம் பிடிச்சு இறங்கினேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, இல்லைன்னா நம்ம வீட்ல யாரும் நிம்மதியா இருக்க முடியாதுன்னு. நான் சரின்னு தலையாட்டினேன். அவ்வளவுதான் செஞ்சேன். தலையாட்டினேன்."

அறுவை சிகிச்சை ஒன்று நடந்தது. அது சரியாக அமையவில்லை. அன்றிலிருந்து மகன் படியேறும்போதெல்லாம் அம்மா பின்னாலிருந்து திட்டினாள். அப்பா உக்காருன்னு சொல்லியும் கேக்காத திமிரு, இப்ப அனுபவி என்பாள். பாசத்தில் திட்டுவதுதான், ஆனால் ஓயாமல் திட்டினாள். அவன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. பத்தொன்பது வயதில் வேறு ஊரில், காதில் ஃபோனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். பெரும்பாலும் தங்கையோடு.

நடிகர் குறுக்கே பேசாமல் கேட்டார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த வார்த்தையைச் சொல்லும்போது நீங்க சிரிச்சீங்களா?"

கோச் யோசித்தார். "சிரிச்சேன்னுதான் நினைக்கிறேன்."

அன்று அவருக்கு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மனைவிகூட, "என்ன, இன்னைக்கு ஜெயிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது. மகள்தான் முந்திக்கொண்டு ஃபோனில் மூன்று டிக்கெட் எடுத்தாள். சனிக்கிழமை மதியக் காட்சி. அரங்கில் பாதிப்பேர் டிப்போ ஆட்களும் மைதானத்துப் பிள்ளைகளின் வீட்டாரும்தான்.

நடிகர் திரையில் நடந்து வந்ததுமே அரங்கம் அதிர்ந்தது. அதே நீல டிராக் பேண்ட், அதே ஓட்டம், அதே "பிரேக் போடு". தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு அவர் தேடிப்போய் எடுத்துத் தூசி தட்டியபோது, கோச்சே கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவி முழங்கையால் இடித்து, "உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கார்" என்றாள். பின்வரிசையில் இருந்த டிப்போ கண்காணிப்பாளர் குனிந்து, "ராயல்டி கேளுங்க கோச்" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. மரத்தடியில் சிறுவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நடிகர் குனிந்து பார்க்கிறார், மூக்கைத் தூக்குகிறார், பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். "வலி காலுக்குத்தானே? உனக்கு இல்லையே?" அரங்கமே கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. அடுத்து அவர் தன் ஷூ லேஸை உருவிப் பையனின் முட்டியைக் கட்டுகிறார். கட்டிவிட்டு மைதானத்துக்குள் ஓடும்போது லேஸ் இல்லாத ஷூ கழன்று பறந்து நடுவர் தலையில் விழுகிறது. மறுபடியும் சிரிப்பு. பையன் அந்தக் காலாலேயே கோல் போடுகிறான். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

கோச் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மனைவி சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். முகம் மட்டும் இன்னும் அந்தச் சிரிப்பின் வடிவத்திலேயே இருந்தது.

அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்திருந்தது. அன்று மூச்சிரைக்க ஓடிவந்து நின்றபோது, மகனைப் பற்றிக் கேட்கப் பயந்து அவள் தரையைத்தான் முதலில் பார்த்தாள். கணவனின் வலது ஷூ வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. லேஸ் எங்கே என்று கேட்டாள். அறுந்துபோச்சு என்றார். அடுத்த வாரம் அவளேதான் புது லேஸ் வாங்கி வந்து கோத்துக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மகள் நடுவில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். இறங்கும்போது படியில் லேசாகத் தடுக்கி, "வலி காலுக்குத்தானே" என்று நடிகர் குரலிலேயே சொல்லிச் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டில் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தை வைக்காமலே மறுபடி அணைத்தாள். அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த லேஸ் அறுந்துச்சா, அவுத்தீங்களா?"

"அவுத்தேன்."

"அந்த வார்த்தை?"

"நான் சொன்னதுதான்."

"அவன்கிட்டயா?"

"அவன்கிட்டதான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஆறு வருஷமா அவனை நான் கரிச்சுக் கொட்டியிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க. ஒரு தடவை, விடு, பாவம்னு சொன்னீங்க. அதைக் கேட்டு, எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

அவர் வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தார்.

"ஒரு சினிமாக்காரர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியல."

"அவர் எட்டு நாள்ல போயிடுவார்னு தெரியும். அதான் சொல்ல முடிஞ்சுது."

"நான் எங்கயும் போகமாட்டேன்னு நினைச்சுட்டீங்க."

அவள் மகனுக்கு ஃபோன் செய்தாள். அவன் படத்தை முதல் நாளே அலுவலக நண்பர்களோடு பார்த்துவிட்டிருந்தான்.

"இங்க எல்லாரும் அதையேதான் சொல்லிட்டுத் திரியறாங்கம்மா. லிஃப்ட் ஓடலைன்னாக்கூட அதான் சொல்றாங்க. எனக்கு அஞ்சாவது மாடி."

"ஏண்டா எங்கிட்ட மறைச்ச?"

"சொல்லியிருந்தா நீ அவரை விட்டுட்டுப் போயிருப்ப. தங்கச்சிக்கு அப்ப எட்டு வயசும்மா."

"நான் உன்னைத் திட்டினதெல்லாம்..."

"விடும்மா. பழகிடுச்சு."

அந்த "பழகிடுச்சு"தான் அவளை உடைத்தது. மறுநாள் காலை ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு மகன் இருக்கிற ஊருக்கு பஸ் ஏறினாள். பள்ளிக்கூடம் இருப்பதால் மகள் அப்பாவோடு தங்கினாள். அவர் சமைத்ததைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான்தாம்பா டிக்கெட் எடுத்தேன்" என்றாள். "நீ என்னம்மா பண்ணுவ" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்த வசனம் கார் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டது. மூட்டுவலித் தைலம் விற்கிற கம்பெனி ஒன்று அதையே விளம்பரத்தில் போட்டது. டிப்போவில் யாராவது விரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டால், பள்ளத்தின் மேலிருந்து நாலு பேர் ஒரே குரலில் அதைச் சொன்னார்கள். நடிகரின் எண் கோச்சிடம் இருந்தது. ஒருமுறை கூப்பிட்டார். வேறு யாரோ எடுத்து, சார் வெளிநாட்டுல ஷூட்ல இருக்கார், என்ன விஷயம் என்று கேட்டார்கள். என்ன விஷயம் என்று இவருக்கும் தெரியவில்லை. கேட்டார், சொன்னேன், இதில் அவர் திருடியது என்ன இருக்கிறது என்று நினைத்து ஃபோனை வைத்துவிட்டார்.

மைதானத்தில் கூட்டம் மும்மடங்காகியது. இதுவரை எட்டிப் பார்க்காத வீட்டுப் பிள்ளைகளெல்லாம் புது பூட்ஸோடு வந்து இறங்கினார்கள். "சினிமாவுல வந்த கோச் இவர்தான்" என்று அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளிடம் காட்டினார்கள். ஒரு தடவை அந்த வசனத்தைச் சொல்லுங்களேன் என்று ஃபோனை நீட்டியவர்களும் உண்டு. அவர் கேட்காத மாதிரி பந்துக்குக் காற்றடிக்கப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா படிக்கட்டிலிருந்தே கையைத் தட்டி, "எழுந்திரு, எழுந்திரு! வலி காலுக்குத்தானே? உனக்கு இல்லையே?" என்று சத்தமாகச் சொன்னார். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. சிறுமியும் வெட்கப்பட்டு எழுந்து நொண்டிக்கொண்டே ஓடப் பார்த்தாள்.

கோச் விசிலை ஊதினார். "நீ வெளிய வாம்மா. உக்காரு."

"என்ன கோச்?" என்றார் அப்பா. "உங்க டயலாக்கை நான் சொன்னா உங்களுக்கே கோவம் வருதே."

கோச் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். எண்பது பேராவது இருப்பார்கள். "அது டயலாக் இல்லை" என்றார். "எம் பையன்கிட்ட நான் சொன்னது. முட்டி வீங்கிப்போய் முடியலன்னு சொன்னவன்கிட்ட சொன்னேன். இன்னைக்கு அவனால ஒழுங்கா படியேற முடியாது. இருபத்தோரு வயசு."

சொல்லும்போது குரல் கீச்சென்று ஏறிவிட்டது. கையில் இருந்த தொப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் கையை மேலே தூக்கியிருந்தார். படிக்கட்டில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். யாரோ கை தட்டினார்கள். மூன்று நான்கு ஃபோன்கள் அவரைப் படம் பிடித்தன. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஒரிஜினல் கோச் நடிகரையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கணுக்கால் வீங்கிய அந்தச் சிறுமி. இன்னொருவர் டிப்போ கண்காணிப்பாளர். மகனை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது காலைப் பிடித்துத் தூக்கியவர் அவர். அவர் இறங்கி வந்து கோச்சின் தோளில் கை வைத்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

இரண்டு வாரம் அவர் மைதானத்துப் பக்கம் போகவில்லை. பிறகு போனார். ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. யாராவது வலி என்றால் அன்றைக்கு ஆட்டம் இல்லை, அவ்வளவுதான். பொய் வலி சொன்னவர்களையும் உட்காரவைத்தார். மூன்று ஆட்டங்களில் ஒன்பது பேரோடு இறங்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர்களுக்கு அலுத்துப்போனது. புது பூட்ஸுகள் ஒவ்வொன்றாக வராமல் நின்றன. கடைசியில் பதினான்கு பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

நாலு மாதம் கழித்து மனைவி மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே அவள் அவனை ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். பழைய அறுவையைத் திறந்து மறுபடி செய்யவேண்டும், உங்கள் ஊர் எலும்பு மருத்துவமனையில் அதை நன்றாகச் செய்வார்கள் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். மகன் வாசல் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினான். கோச் கை கொடுக்க முன்னால் வந்தார். "வேண்டாம்ப்பா, இப்படி ஏறினாத்தான் எனக்குச் சரியா வரும்" என்றான். அதில் கோபம் இல்லை.

மருத்துவமனையில் சேர்க்கும் அன்று, கண் சிவந்த ஓர் இளம் டாக்டர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு கட்டிலருகே வந்தார். முதலில் எப்போது அடிபட்டது, எப்படி என்று கேட்டார். மகன் வாய் திறப்பதற்குள் கோச் எழுந்து நின்றார்.

"நான் சொல்றேன் டாக்டர். அது கால்பந்து ஆட்டம். பாதியிலேயே முட்டி வீங்கிடுச்சு. முடியலன்னு சொன்னான். நான்தான் கேக்காம, கட்டிவிட்டு விளையாட வச்சேன். தப்பு என்மேலதான். அவன்மேல ஒண்ணும் இல்லை."

மனைவி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். மகன் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பேனாவை உதறினார். "விளையாட்டுக் காயம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எந்த வருஷம்?"

கோச் வருடத்தைச் சொன்னார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டு, சர்க்கரை இருக்கா, மாத்திரை ஏதாவது ஒத்துக்காதா என்று அடுத்த கேள்விகளுக்குப் போய்விட்டார்.

அவர் போனபிறகு மகன் சொன்னான். "உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார்.

"எனக்கும் அன்னைக்கு இறங்கணும்னு ஒரு ஆசை இருந்துச்சு. நீங்க சொல்லலைன்னாலும் இறங்கியிருப்பேனோ என்னவோ. ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்துட்டேன். தெரியல." போர்வையை இழுத்து முட்டியை மூடினான். "ஆனா நீங்க சிரிச்சிருக்க வேண்டாம்."

அறுவை சிகிச்சை ஓரளவுக்குப் பலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் இப்போது படியில் கால் மாற்றி ஏற முடிகிறது. ஓட முடியாது, அது இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் வீட்டில் இருந்துவிட்டு மகன் வேலைக்குத் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அப்பா எடுத்துவிட்டால், உடனே தங்கையைக் கூப்பிடச் சொல்லாமல் இரண்டு நிமிடம் பேசுகிறான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு போவதில்லை.

மனைவி அவனோடு திரும்பிப் போகவில்லை. இங்கேயே இருந்துவிட்டாள். சமைக்கிறாள், பேசுகிறாள், சில சமயம் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் அவர் எதைச் சொன்னாலும், இன்றைக்கு ஷிஃப்ட் முடிய நேரமாகும் என்றோ, கடையில் பால் தீர்ந்துபோச்சு என்றோ சொன்னால்கூட, ஒரு கணம் அவர் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறாள். அந்த ஒரு கணம் அவர் அசையாமல் நிற்கிறார்.